கேள்விகள் எழுதப்படாத நாடகம்

நான் நடித்த நாடகங்களில் மிகச் சிறியது அது. மேடையில் நான் ஒருத்தி மட்டும். டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டில், பஞ்சத்தில் அடிபட்ட ஒரு பெண்ணைக் கோட்டைக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்கு அடிமையாகக் கப்பலேற்றும் முன் குமாஸ்தா அவளை விசாரிக்கிறான். குமாஸ்தா மேடையில் இல்லை, அவன் குரலும் இல்லை. அவன் கேட்கும் நேரம் முழுக்க மௌனம். பிறகு அவள் சொல்லும் பதில் மட்டும் காதில் விழும். பிரதியில் கேள்விகளே கிடையாது.

ஒத்திகையை அதே பழவேற்காட்டின் மீனவர் குப்பமான கோட்டைக்குப்பத்தில், வலை வைக்கும் கொட்டகையில் நடத்தினோம். முதல் காட்சியும் அங்கேதான் என்று, நாடகத்தை எழுதி இயக்கியவர் முடிவு செய்திருந்தார். என் ஊர் காட்டூர், பக்கம்தான். தினமும் வீட்டிலிருந்து போய்வந்தேன். ஏரியிலிருந்து திரும்பியவர்கள் வலையை உதறிக் காயப்போடும்வரை காத்திருந்துவிட்டு ஆரம்பிப்போம். துணியெல்லாம் இறால் வாடை ஏறிவிடும்.

நான் சிக்கிக்கொண்டது, அவள் தன் தகப்பனைப் பற்றிச் சொல்லும் ஒரே வரியில்: “நைனாதான் கூட்டிட்டு வந்தாரு.” ‘உன்னை விற்றது யார்?’ என்று குமாஸ்தா கேட்டிருந்தால் அது குற்றச்சாட்டு. ‘துணைக்கு யார் வந்தது?’ என்று கேட்டிருந்தால் அதில் பாசம் வந்துவிடுகிறது. ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் சொல்லிப் பார்த்தேன். முன்னதில் குரல் உயர்ந்தது, பின்னதில் கண் கலங்கியது. இரண்டுமே வெறும் நடிப்பாகத்தான் தெரிந்தன.

“சார், அவன் என்னதான் கேட்டான்? நீங்களாவது சொல்லுங்க.”

“எனக்கும் தெரியாதும்மா. எழுதும்போதே தெரியல. அழாம சொல்லு, போதும்.”

காட்சியன்று சாயங்காலம் குப்பத்துப் பெண்கள் கொட்டகையில் நிறைந்துவிட்டார்கள். என் நைனாவும் வந்திருந்தார். நான் நடிக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியும், அவர் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. நடவு முடிந்திருந்ததால் வந்தார் என்று நினைக்கிறேன். உட்காரச் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, வாசல் கம்பத்தோரமாக நின்றபடியே இருந்தார்.

முதல் இரண்டு மௌனங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்த வரிக்கு முந்தைய மௌனம் மிக நீளம். முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“ஏம்மா, ஒத்தையாவா வந்த? உன் நைனா எங்க?”

சிலர் சிரித்தார்கள். எனக்கு அது தோன்றவே தோன்றாத கேள்வி. பதிலை அந்த அம்மாளைப் பார்த்தே சொன்னேன்.

“நைனாதான் கூட்டிட்டு வந்தாரு. வாசல்ல நிக்கிறாரு.”

இரண்டாவது வாக்கியம் பிரதியில் இல்லை. தானாக வந்துவிட்டது.

அதன்பிறகு அடுத்தடுத்த மௌனங்களில் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “வயசு இன்னா?” “கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?” என்னிடமிருந்த பதில்களில் சில பொருந்தின, சில பொருந்தவில்லை. “சாப்ட்டியா?” என்று ஒருத்தி கேட்டபோது என் பதில், “ஞாபகம் இல்லைங்க.” அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இயக்குநர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்த வாசல் வசனம் வேணாம். மத்தபடி சரி” என்றார், அவ்வளவுதான்.

நைனாவின் வண்டியில் ஊர் திரும்பினேன். பாதி வழியில் அவர் கேட்டார்.

“அந்தாளு, அவ கப்பல் ஏர்ற வரைக்கும் வாசல்லயே நின்னுனே இருந்தானா, போய்ட்டானா?”

“நாடகத்துல அது இல்ல நைனா.”

“எழுதனவருக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“அவருக்கும் தெரியாதாம்.”

“இன்னா நாடகமோ” என்றார். பிறகு வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வண்டியை நிறுத்தி இறங்கிப் போனார்.

சென்னையில் அதைப் பல முறை நடித்தேன். அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் அந்த வரியை நான் குப்பத்து அம்மாளின் கேள்விக்கே பதிலாகச் சொல்லிவந்தேன். விமர்சனம் எழுதிய ஒருவர், தகப்பன்மேல் அவளுக்குக் கொஞ்சமும் வெறுப்பில்லையே என்று குறைப்பட்டிருந்தார். அவர் கவனித்தது சரிதான்.