ரெண்டாவது பிரேக்

என் அக்காவுக்கு வாய் நீளம். அளந்தால் ஒரு முழம் தேறும். தொழிலும் அதற்கேற்ற மாதிரி அமைந்துவிட்டது: டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. அதை மிதித்து மிதித்து அவளுக்கே ‘ரெண்டாவது பிரேக்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் போட்ட மிதியடி நகர்ந்துவிடும்.

நான் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து, நாள் முழுக்கத் தேனொழுகப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள். அந்தத் தேனெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. அக்கா மாடியில், நாங்கள் கீழே, விடிந்தால் சண்டை. மோட்டாரை யார் நிறுத்தவில்லை, யார் சீப்பில் யார் முடி என்று ஏதாவது கிடைக்கும். எதுவும் சிக்காத நாளில் என் வீட்டுக்காரர், "என்ன, ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்.

உடம்பு நிஜமாகவே சரியில்லாமல் போனது அக்காவுக்கு. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. நாலு வாய் சாப்பிட்டாலே போதும் என்பாள். "வெறும் கேஸுதான்டி" என்று சொல்லிச் சொல்லி மாத்திரை முழுங்கினாள். சீட் பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று சொன்ன அன்றைக்குத்தான் இழுத்துக்கொண்டு போனேன். சினைப்பையில் கேன்சர் என்றார் டாக்டர், கண்ணாடி போட்ட சின்னப் பெண். அக்கா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் மேஜைக்கு அடியில் அவள் வலது கால் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

ஆபரேஷன் முடிந்து கீமோ ஊசி ஆரம்பித்தபோது நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க மனசு நோகாம பாத்துக்குங்க" என்றார். போதாதா? பல் ஆஸ்பத்திரிக் குரலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். "சாப்பிடலாமாக்கா?" "கொஞ்சம் சாஞ்சுக்கிறியாக்கா?" அக்காவுக்குக் குமட்டியது மருந்தாலா, என் குரலாலா என்று இன்றைக்கும் தெரியாது.

"ஏன்டி இப்படிக் குழையற?" என்றாள் ஒரு நாள். "டாக்டர் உன்கிட்ட தனியா ஏதாவது சொன்னாங்களா? நான் போயிடுவேன்னு சொல்லிட்டாங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்லக்கா" என்றேன், தேனாக.

"பாத்தியா? போயிடுவேன்."

நான் பழையபடி திட்டினால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து என்னைச் சண்டைக்கு இழுப்பதே அவளுக்கு வேலை. என் புதுத் துண்டால் செருப்பைத் துடைத்தாள். நான் விடும் குறட்டையை எதிர்வீட்டுக்காரியிடம் நடித்தே காட்டினாள். நான் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, "பரவால்ல, இதுக்கு அந்த ஊசியே தேவலாம்" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடைசியில் பெரிய ஆயுதத்தை எடுத்தாள். "நீ கார் ஓட்டக் கத்துக்கோ. டாக்சிக்காரர் போடற பாட்டைக் கேட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக என்னால ஆகாது." எனக்கு ஸ்டியரிங் என்றாலே பயம், அது அவளுக்கும் தெரியும். லீவு நாளில் முதலாளியிடம் பயிற்சிக் காரைக் கேட்டு வாங்கி, டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கும் சரிவான மைதானத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். முடி கொட்டியதும் நாங்கள் ஆசையாக வாங்கிக்கொடுத்த விக்கைக் கழற்றிப் பின் சீட்டின் உச்சியில் மாட்டி, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

"பின்னாடி ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. பாத்து ஓட்டு."

மொட்டைத் தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். "அது கியருடி, கரண்டி இல்ல. போட்டுக் கிண்டாத!" "எருமைகூட இதைவிட நேரா போகும்!" நான் "சரிக்கா, சரிக்கா" என்றேன். மேட்டில் சுவரோரமாக ஒரு பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி. கார் அதை நோக்கித்தான் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமில்லை, ரெண்டாவது பிரேக் பக்கத்திலேயே இருக்கிறதே. தொட்டி கிட்டே வந்தது. கார் நிற்கவில்லை. திரும்பினால், அக்கா முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தாள், பிரேக்குக்குப் பக்கத்தில் இருந்த வெறும் தரையை.

நானே இரண்டு காலாலும் கண்டதையும் மிதித்தேன். தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் கார் குலுங்கி நின்றது.

"ஏன்க்கா மிதிக்கல?"

"மிதிச்சேன்டி. மிதிச்சேன்னுதான் நினைச்சேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "பாதம் மரத்துப்போச்சு. கால் எங்க இருக்குன்னே தெரியல. ரெண்டு ஊசியா இப்படித்தான் இருக்கு."

"டாக்டர் கேட்டப்பல்லாம் ஜம்முனு இருக்குன்னியே!"

"உண்மையச் சொன்னா இந்த சீட்டு போயிடும்ல?"

அவ்வளவுதான். இத்தனை நாள் முழுங்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? சீட்டாம் சீட்டு! அந்தப் பொண்ணு நீ சொல்றதை நம்பித்தான மருந்து குடுக்குது? அதுகிட்ட போய்க் கதை விட்டுக்கிட்டு இருக்கியே! சின்ன வயசுலேர்ந்து இதே திமிரு! நீ பாட்டுக்குப் போய்ச் சேந்துடுவ, அந்த வீட்ல நான் யாரோட மல்லுக்கு நிப்பேன்? எனக்கு நீ வேணும்க்கா, சனியனே!"

அக்காவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயெல்லாம் பல். "அப்பாடா! இன்னும் திட்டு."

"திட்டத்தான் போறேன்!"

"திட்டு. ஆனா மொதல்ல ஹேண்ட் பிரேக்கைப் போடு. வண்டி பின்னாடி உருளுது."

நான் கோபத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருந்தேன். ‘டம்’ என்று சரிவின் கீழே இருந்த மைதானத்து இரும்பு கேட்டில் இடித்தோம். விக் கழன்று பின்கண்ணாடியில் போய் விழுந்தது.

மறுநாளே அக்காவை டாக்டர் முன்னால் உட்காரவைத்து, கால் விஷயத்தை நானே போட்டுக்கொடுத்தேன். டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காரின் பின்விளக்கு உடைந்தது யாரால் என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. ஊசியெல்லாம் முடிந்து ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கப் போனது டாக்சியில்தான். நாங்கள் போட்ட கூச்சலில் டிரைவரே பாட்டை நிறுத்திவிட்டார்.

டாக்டர் கவரைப் பிரித்தார். படித்தார். படித்துக்கொண்டே இருந்தார். அக்கா மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் கால் சும்மாதான் இருந்தது. தரையை அழுத்திக்கொண்டிருந்தது என் கால்.

"கிளட்சையும் சேத்து மிதிடி, மக்கு" என்றாள் என் காதில். "வண்டி ஆஃப் ஆயிடும்."