மேஸ்திரி வீட்டுக் குளியலறை

ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறையை அந்த மேஸ்திரியிடம் ஒப்படைத்தால் போதும், உள்ளே கைவீசி நடக்கலாம் போல ஆக்கிவிடுவார். உள்பக்கம் திறந்து இடத்தை விழுங்கும் கதவைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் நகரும் கதவு போடுவார். வாஷ்பேசினை மூலைக்குத் தள்ளுவார். சோப்பு, ஷாம்பூ வைக்கச் சுவரையே குடைந்து மாடம் செய்வார். தரைக்கும் சுவருக்கும் ஒரே வெள்ளை டைல்ஸ், எதிரே ஆளுயரக் கண்ணாடி. "கண்ணு எங்கயும் போய் நிக்கக்கூடாது. அவ்வளவுதான் வித்தை" என்பார். நம்பாதவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து காட்டுவார்.

பெருமை என்றால் பெருமை, அப்படியொரு பெருமை. அந்தப் பெருமைக்கு வேலை செய்தது அவர் மனைவி. பார்க்க ஆள் வருகிறது என்று போன் வந்தால் போதும், வாளி, குவளை, ஈரத்துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அவள் சமையலறைக்கு ஓடவேண்டும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. ஒருமுறை தலையில் நுரையோடு வெளியே வந்து நின்றாள். "இதோ போயிடுவாங்க" என்றார் மனுஷன், வாயெல்லாம் பல்லாக.

முட்டிவலி வந்தபிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னங்க, உக்காந்தா எந்திரிக்க முடியல. சுவத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டுக் குடுங்களேன்."

"கம்பியா? ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும். வர்றவங்க கண்ணு அதுலயே போய் நிக்கும்."

"நான் விழுந்துட்டா?"

"பாத்து நட. நாம என்ன கிழவன் கிழவியா?"

கேட்டவர் வீட்டுக்கெல்லாம் கம்பி மாட்டிய கைதான் அது. கட்டியவள் கேட்டால் மட்டும் காதில் ஏறவில்லை. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

ஒரு காலையில் குளிக்கப் போனவள் வழுக்கி, சுவரில் தலை மோதி, கை மடங்கிக் கீழே சரிந்தாள். சத்தம் கேட்டு மேஸ்திரி ஓடிவந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? ஒட்டிய டைல்ஸ் பிடித்திருக்கிறதா, பின்னால் காலியாக இருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிக் கேட்பது அவர் தொழில் பழக்கம். அவள் தலை மோதிய இடத்தில் டக், டக் என்று தட்டினார். அதன்பிறகுதான் குனிந்தார்.

"டைல்ஸுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கிடந்தபடியே கேட்டாள் அவள்.

"ஐயோ, கை தானா போயிடுச்சும்மா" என்றார். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு மகள் வீட்டுக்குப் போனவள், கட்டுப் பிரித்த பிறகும் திரும்பவில்லை. தனியாகச் சமைத்துத் தின்று மேஸ்திரிக்கு நாக்கு செத்துப்போனது. அதைவிட, ராத்திரி பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீடு அவரை அடித்துப் போட்டது. ஒருநாள் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் தடியான கம்பி ஒன்றை மாட்டினார். தொங்கிப் பார்த்தார். நேரே மகள் வீட்டுக்குப் போனார்.

"கம்பி போட்டுட்டேன். வாளியும் உள்ளயே இருக்கட்டும். இனி யாரையும் கூட்டிட்டு வரமாட்டேன். வீட்டுக்கு வாம்மா" என்றார்.

அவள் மகளிடம், "என் பைய எடு" என்றாள்.

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. முகம் கழுவிக்கொள்ளலாம் என்று உள்ளே போனார். மகள் வீட்டுக் குளியலறை சகிக்காது. கதவு உள்ளே திறந்து வாளியில் இடித்தது. மாமியார் பிடித்துக்கொள்ள மருமகன் சுவரில் கோணலாக முடுக்கியிருந்த இரும்புக் குழாயில், அவள் பிடிக்கிற இடத்தில் மட்டும் பெயிண்ட் போயிருந்தது. அதற்கு மேலே ஒரு டைல்ஸ் லேசாகப் புடைத்துக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா?

டக், டக்.

வெளியே பேச்சு நின்றுபோனது. அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் ஈர முகத்தோடு வந்தபோது, மகள் பையிலிருந்த துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க" என்றாள் மனைவி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "போனதும் அந்தக் கம்பியக் கழட்டிடுங்க. வர்றவங்க கண்ணு அதுல போய் நிக்கும்."