கோவிந்தசாமியின் மீசையும் கல்வட்டமும்

ரத்தினம்மாளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பி ஏமாந்தவர்கள் அண்ணாகிராமம் பக்கத்தில் சில பேர் உண்டு. அவர்களில் முதல் ஆள் அவளுடைய கொழுந்தன் கோவிந்தசாமி.

மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்த இடம் செம்மண் காடு. வீட்டுக்காரருக்குப் பாகத்தில் வந்தது ஒரு முந்திரித் தோப்பு, அதன் நடுவே ஒரு கல்வட்டம். ஆள் இடுப்பு உயரத்துக்குச் செம்புறாங்கற்கள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வட்டமாக உட்கார்ந்திருக்கும். யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. குள்ளர்கள் கட்டின வீடு என்பார்கள். அந்தக் காலத்து மாட்டுப்பட்டி என்பார்கள். கொட்டை பொறுக்க வரும் பெண்கள் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பார்கள். அதுவரைக்கும் அங்கே ஒரு சாமியும் கிடையாது.

வீட்டுக்காரர் நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டினார். பிள்ளை இல்லை. அதற்காக அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அவளும் மற்றப் பெண்களைப் போலப் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை இடித்து, "நீ சொல்லுடி" என்பாள். அவள் சொல்லாத பேரை நாம் முந்திக்கொண்டு சொல்வானேன்?

சுனாமி வந்த வருஷம், ஆடி மாசம், கடலூர் ஆஸ்பத்திரியில் அவர் செத்துப்போனார். பிள்ளை இல்லாதவனுக்குக் கூடப்பிறந்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். தலையும் மீசையும் மழித்துக் கருமாதி செய்ய வேண்டும். பாடை கட்டியாகிவிட்டது. கோவிந்தசாமியைக் காணோம். தேடிப் போனால், வேப்பமரத்தடியில் மீசையை நீவிக்கொண்டு நிற்கிறான். நெய் போட்டு வளர்த்த மீசை அது.

"அண்ணி, தோப்பை எம் பேருக்கு எழுதிக் குடுக்கறேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிடுங்க. இப்பவே நாவிதரைக் கூப்புடறேன்."

அண்ணன் பிணத்தைத் தெருவில் போட்டுவிட்டுப் பேரம் பேசுகிறவனை என்ன செய்தால் தகும்? ரத்தினம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவுங்க பாத்து வளத்த மரம் தம்பி. குடுக்க மாட்டேன்."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். கடைசியில் அவளுடைய தம்பி அறிவழகன் கொள்ளி வைத்தான். பங்காளி இருக்க மச்சான் வைத்த கொள்ளி என்று ஊர் சிரித்தது. பங்காளி மழிக்காமல் கருமாதி நடக்கவே இல்லை. சோறு தண்ணி இல்லாமல் அவர் எங்கேயோ நிற்கிறார் என்ற நினைப்பு, அதற்கப்புறம் அவளைத் தூங்கவிடவில்லை.

தை பிறந்ததும் கோவிந்தசாமி அடுத்த வேலையைக் காட்டினான். கல்வட்டத்தின் நடுவில் ஒரு சூலத்தை நட்டு மஞ்சளைப் பூசினான். நாட்டாமை பழனிவேல் முன்னால் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான்.

"இது எங்க முப்பாட்டனுங்க கையால வச்ச கல்லு. எங்க குலதெய்வம் குந்தியிருக்கற எடம். பங்காளிங்க பொதுச் சொத்து. ஆம்பளப் புள்ள இல்லாத வூட்டுக்கு இதுல பாத்தியதை இல்ல."

சாமி பேரைச் சொன்னபின் எவன் வாயைத் திறப்பான்? கோர்ட்டுக்குப் போனாலும் சாட்சிக்கு வர ஆளில்லை. தோப்பு கைமாறியது. ரத்தினம்மாள் சிரித்தாள். அன்றிலிருந்து கூலிக்குக் கொட்டை உடைத்தாள். கொட்டைப் பால் சுட்டு விரலெல்லாம் கறுத்தது. ஒவ்வொரு கொட்டையாகத் தட்டும்போதும் யார் முகத்தை நினைத்துத் தட்டினாள் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். சிதம்பரத்திலிருந்து பழைய காலத்து இடங்களைப் பார்க்கிற வாத்தியார் ஒருவர் வந்தார். லூர்துசாமி என்று பேர். கல்வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர், குடிக்கத் தண்ணி கேட்டு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"அது சாமி எடமா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. செத்தவங்களை அடக்கம் பண்ண எடம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தி இங்க இருந்தவங்க செஞ்சது. எலும்பைப் பொறுக்கி, ஆளுயரத் தாழியில போட்டு, கூடவே அரிசி, இரும்புக் கத்தின்னு வச்சுப் பொதைப்பாங்க. மேல இப்படிக் கல்லைச் சுத்தி வச்சிடுவாங்க."

"எதுக்கு சார் அவ்ளோ பெரிய கல்லு?"

"நம்ம ஆளு இங்க இருக்கான்னு மறக்காம இருக்கத்தான். ஒரு கல்லைத் தூக்கவே ஊரே சேந்திருக்கணும். ஆனா நீங்க யாரும் தோண்டிடாதீங்க. தாழி வெளிய வந்தா கவர்மெண்டு வேலி போட்டு எடுத்துக்கும்."

யாராவது தோண்டினால் கூப்பிடச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனபின், ரத்தினம்மாள் கொட்டைக் கூடையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேர் தெரியாத எவனோ ஒருத்தனுக்கு ஊரே கூடிக் கல் தூக்கியிருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஒரு கைப்பிடி எள்ளுத் தண்ணி இறைக்கக் கூடப்பிறந்தவனுக்கு மனசு வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. வாத்தியார் சொன்னதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

தானே புயல் வந்து முந்திரி, பலா எல்லாவற்றையும் சாய்த்துப்போட்டது. மரம் போனதும் கோவிந்தசாமிக்குப் பயம். தோப்பே இல்லாத இடத்தில் உரிமையை எப்படி நிறுத்துவது? சிமெண்டுக் கோயில் கட்டுவது என்று முடிவு செய்தான். கால்கோள் அன்று பங்காளிகள் எல்லாரும் கூடினார்கள். ரத்தினம்மாளும் பூத்தட்டோடு போய் நின்றாள்.

"தம்பி, கருவறை வட்டத்துக்கு நட்டநடுவுல வரணும். ஆளாழம் தோண்டி அஸ்திவாரம் போடுங்க. அடுத்த புயலுக்கு ஆடக் கூடாது பாருங்க."

அண்ணிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவனுக்கு வாயெல்லாம் பல்.

"இன்னொண்ணு தம்பி. இது உங்க முப்பாட்டனுங்க வச்ச கல்லுன்னு இன்னொரு தரம் கற்பூரம் அடிச்சிச் சொல்லிட்டு ஆரம்பிங்க. நாள பின்ன நானே வாயாட மாட்டேன்."

மீசையை ஒரு தடவை நீவிவிட்டு அவன் அடித்தான், சொன்னான். கடப்பாரை இறங்கியது.

இடுப்பளவு ஆழத்தில் ஏதோ ஓட்டில் இடித்தது. மண்ணைத் தள்ளினால் பெரிய தாழி; உள்ளே மண்ணோடு மண்ணாக எலும்பு, துருப்பிடித்த கத்தி. பூசாரி குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். இத்தனை வருஷம் பொங்கல் வைத்துச் சாப்பிட்டது சவக்குழியின்மேல் என்று தெரிந்ததும் பெண்கள் காறித் துப்பினார்கள்.

பழனிவேல் சொன்னார்: "கோவிந்தசாமி, உன் முப்பாட்டன் எலும்பு. நீதான் கலைச்சிருக்க. தலை மழிச்சி முறையா கருமாதி பண்ணிடு. இல்லன்னா ஊருக்கு ஆவாது."

"மாமா, இது எவன் எலும்போ..."

"எவனோடதோவா?" ரத்தினம்மாள் சிரித்தாள். "அப்போ கல்லு வச்சதும் எவனோதான். தோப்பு எனக்கு வந்துடும். எது தம்பி நெசம்? இப்பத்தான் கற்பூரம் அடிச்சீங்க."

அவன் கூட்டத்தைப் பார்த்தான். ஒரு முகமும் அவன் பக்கம் இல்லை. தோப்பா மீசையா என்று வந்தால் அவன் எதை விடுவான் என்று அவளுக்குத் தெரியாதா? வாத்தியாருக்கு அவள் காலையிலேயே போன் போட்டுச் சொல்லியிருந்தாள் என்பதும், வேலி வந்தால் தோப்பு அவளுக்கும்தான் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டிருந்தாள்.

பெண்ணையாற்றங்கரையில் நாவிதர் கத்தியைத் தீட்டினார். மீசை மணலில் விழுந்தபோது ரத்தினம்மாள் பார்வையை எடுக்கவே இல்லை. மழித்த முகத்தோடு, ஈர வேட்டியில், பிண்டத்தின் முன்னால் கோவிந்தசாமி உரித்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தான். பங்காளிகள் சுற்றி நின்றார்கள்.

ஐயர் கேட்டார்: "போனவா பேரைச் சொல்லுங்கோ. பேர் சொல்லாம பிண்டம் வைக்கப்படாது."

முப்பாட்டன் பேர் கோவிந்தசாமிக்கு எங்கே தெரியும்?

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத பேர், தடுமாறாமல் வந்தது.

"தட்சிணாமூர்த்தி."

கோவிந்தசாமி திடுக்கிட்டுத் திரும்பினான். பழனிவேல் தலையைக் குனிந்துகொண்டார். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐயர் எள்ளை அவன் கையில் போட்டு, பேரைச் சொல்லித் தண்ணியை விடச் சொன்னார். அவன் உதடு மட்டும் அசைந்தது.

ரத்தினம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு அடி முன்னால் வந்து நின்றாள்.

"சத்தமா சொல்லுங்க தம்பி. உங்க அண்ணனுக்குக் கேக்கணும்."