குற்றாலத்துக்காரி லாட்ஜில் தங்கப் போகிறாள்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தமிழ்நாடே துள்ளிக் குதிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அருவி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நேராகச் சங்கரேஸ்வரி அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிற சொந்தக்காரர்கள் மேல்தான் கோபம்.

அக்காவின் வீடு ஐந்தருவி ரோட்டில் இருக்கிறது. அவளுக்குத் தென்காசியில் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. ஒரே மகன் ராணுவத்தில் இருக்கிறான். கணவர் மணிமுத்து அண்ணாச்சி குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர். இருபத்து நாலு ரூம் சாவி அவர் கையில். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு சொந்தக்காரரைக்கூட அவர் அங்கே தங்க வைத்ததில்லை. "நம்ம வீடு இருக்கும்போது லாட்ஜ்ல தங்கினா ஊரு என்ன பேசும்?" என்பார். ஊர் பேசாமல் இருப்பதற்காக அக்கா விடிய நாலு மணிக்கு எழுந்து இட்லி அவிப்பாள். இவர் குளித்து, பவுடர் போட்டு, காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கப் போய்விடுவார்.

இந்த ஜூலையில் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று நாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் பசி எப்படி எடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்குப் படுக்க இடமில்லை, அடுப்படியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். கிளம்பும்போது ஒரு மகராசி, "உனக்கென்ன மதினி, தினமும் குற்றாலம்" என்றாளாம். அதைக் கேட்டபோது அந்த மகராசியின் போன் நம்பரை வாங்கித் திட்டலாமா என்று இருந்தது.

அக்கா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நான் ஆன்லைன் சேவை மையம் வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"ஷஹானா, நான் ஒரு ஊருக்குப் போகணும். பெரிய ஊரு. அங்கன லாட்ஜ்ல தங்கணும். நாலு நாளு யாருக்கும் ஒரு வாய் காப்பிகூட நான் போடக் கூடாது."

அவ்வளவுதான் அவள் கேட்டது. வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரமெல்லாம் உட்கார்ந்து தேடினோம். சிங்கப்பூர் ரூம் வாடகையைப் பார்த்ததும் அக்கா எழுந்தே விட்டாள். கோலாலம்பூர் கைக்கு அடங்கியது. விசா வேண்டாம். செங்கோட்டை தாண்டி திருவனந்தபுரம் போய்விட்டால் நேரே விமானம். காலாண்டு லீவில் நடுவாரத்தில் போனால் டிக்கெட் மலிவு. பெட்டி கிடையாது, ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும். டாக்சி வேண்டாம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரூம் போட்டால் எல்லா இடத்துக்கும் ரயிலிலேயே போகலாம். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். ரூம் தேடும்போது மட்டும் ரொம்பக் கறார். ஜன்னல் வேண்டும், காலைச் சாப்பாடு அவர்களே தர வேண்டும். அப்படி ஒன்று கிடைத்ததும் அவளுக்கும் அண்ணாச்சிக்குமாக ரூமும் டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தேன்.

ஒரே ஒரு சங்கடம். அண்ணாச்சியின் தம்பி தேவா கோலாலம்பூரில்தான் இருக்கிறான். "அங்கன போயி இறங்கின பொறவு தேவாகிட்ட சொன்னா போதும். ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்று அக்கா கணவரிடம் சொல்லியிருந்தாள். அவரும் தலையை ஆட்டினார். நன்றாக ஆட்டினார்!

கிளம்புவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அண்ணாச்சி மட்டும் கடைக்கு வந்தார்.

"ஏ பிள்ள, அந்த ரூமைக் கேன்சல் பண்ணிரு. தேவா வீட்டுல தங்குதோம்."

"அக்காவுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாம இருக்குமா?"

நானும் புத்திகெட்டவள், அக்காவுக்கு ஒரு போன் போடாமல் கேன்சல் பண்ணிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்தாள். முகம் சிவந்திருந்தது. போனை மேசையில் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். தேவாவின் மனைவி பேசினாள்:

"அக்கா, நீங்க வாரதை வச்சுத்தான் புது வீட்டுக்குப் பால் காய்ப்பு வச்சிருக்கோம். அறுபது பேரு வருவாங்க. வெளிய சாப்பாடு சொன்னா இங்க கொள்ளை விலை. உங்க கைச்சமையல் வருமா? அப்பளம், வத்தல், சாம்பார்ப் பொடி, அப்புறம் ஒரு சின்னப் பித்தளைப் பானை, மறக்காம கொண்டாந்துருங்க."

ஏழு கிலோ பையில் பித்தளைப் பானை!

"நீ ஏன்ட்டி கேன்சல் பண்ணுன?" என்று அக்கா என்னைக் கேட்டாள். அப்போது பார்த்து அண்ணாச்சி அவளைக் கூட்டிப்போக பைக்கில் வந்து இறங்கினார்.

"தேவாகிட்ட ஏன் சொன்னிய?" என்றாள் அக்கா.

"கூடப் பிறந்தவன்கிட்ட மறைக்க முடியுமா? அந்த ஊருக்குப் போயி லாட்ஜ்ல தங்கினா அவனுக்கு எவ்வளவு கேவலம்?"

"நீங்க சோறு திங்குததே லாட்ஜ்லதானே! அங்கன வந்து தங்குதவங்க எல்லாம் கேவலப்பட்டவங்களா?"

அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சும்மா கத்தாத. இப்போ போயி வரலைன்னு சொன்னா, அறுபது பேருக்கு யாரு சமைப்பா?" என்றார்.

அந்தக் கேள்வி வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்டேப்ளரை எறிந்துவிடுவேனோ என்று பயந்து மேசைக்குள் வைத்துவிட்டேன்.

அக்கா என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"ரூம் போடு ஷஹானா."

தேடினேன். பழைய ரூம் போய்விட்டது. "ஜன்னல் இல்லாத ரூம்தான் இருக்குக்கா" என்றேன். சொல்லவே கூச்சமாக இருந்தது.

"இருக்கட்டும்."

"எத்தனை பேருன்னு கேக்குது."

"ஒரு ஆளு."

அண்ணாச்சி பதறிவிட்டார். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிட்டா? நான் மட்டும் தம்பி வீட்டுக்குப் போனா, பால் காய்ப்புக்கு வாரவன் எல்லாம் உங்க வீட்டம்மா எங்கன்னு கேப்பானே! நான் என்ன சொல்லுவேன்?"

"லாட்ஜ்ல படுத்துத் தூங்குதான்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் நான் ரூமைப் போட்டுவிட்டேன்.