இளநீர்க்காரர் கேட்ட மன்னிப்பு

நம் அரசு அணுகுண்டு வெடித்துப் பார்த்த மே மாதம் அது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் இளநீர் விற்ற முறுக்குமீசைக்காரர், வெளிநாட்டவர் வந்தாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.

"எத்தினியோ வேல கீது, குண்டு எதுக்கு நைனா? வெக்கமா கீது," என்றார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம்.

கேமராவோடு ஓர் இளைஞர் வந்தார். முகத்தைப் பார்த்ததும் ஜப்பான்காரர் என்று இளநீர்க்காரர் தாமாகவே முடிவுகட்டிக் கைகூப்பினார்.

"சார், சாரி. குண்டு வெடிச்சது எங்க கவர்மென்ட்டு. காசு வாணாம், குடி."

இளைஞர் முழுவதும் குடித்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார்: "அண்ணா, நான் மிசோரம். படூர்ல காலேஜ் படிக்கிறேன்."

இளநீர்க்காரர் அசரவில்லை. "அப்போ அது உன் கவர்மென்ட்டுந்தான். குந்து, சேந்து வெக்கப்படலாம்," என்று இன்னொரு காயைச் சீவினார்.

எனக்கு அந்தக் குண்டில் பெருமைதான். இருந்தும், ஏனோ, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.