சோளமா மாமாவா: அம்பிகை மடித்த சீட்டுகள்

இத்தாலியின் பலெர்மோ நகரத்துத் தமிழர் யாருக்காவது முடிவெடுக்க முடியாமல் தலை சுற்றினால், கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கிற பழைய கட்டடத்தின் நாலாம் மாடிக்கு ஏறிவிடுவார்கள். அம்பிகை அங்கேதான் இருக்கிறாள். காலையில் இரண்டு சிஞ்ஞோராமாரின், அதாவது இத்தாலியச் சீமாட்டிகளின், வீடுகளைத் துடைத்துக் கழுவுவாள். பின்னேரம் ஊரார் குழப்பங்களைத் தீர்த்து வைப்பாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஏறி வந்தவர் மூச்சு வாங்கித் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அவர் மனதில் கிடப்பதைப் பாதி வாசித்துவிடுவாள்.

அவள் செய்வது பூக்கட்டிப் பார்க்கிறது. இரண்டு துண்டுக் கடதாசியில் இரண்டு வழியையும் எழுதி, ஒவ்வொன்றோடும் பல்கனி மல்லிகையில் ஒரு பூவை வைத்து, சமையலறை அலுமினியத் தாளில் மடித்து, அம்மன் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போடுவாள். வந்தவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். மற்றதைத் திறக்கவே கூடாது, திறந்தால் அம்மன் கோபிப்பா. அது நேரே குப்பைவாளிக்குள் போகும்.

ஆனால் இந்த அம்மணி ஒரு சுத்தக் கள்ளி. இரண்டு சீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் எழுதுவாள். வந்தவர் உள்ளுக்குள் எதற்கு ஆசைப்படுகிறாரோ, அதை. கீழ்வீட்டு யோசப்பின் ஒருமுறை, லண்டனில் இருக்கிற தங்கச்சியோடு போய் இருக்கவா, இங்கேயே கிடக்கவா என்று கேட்டு வந்தாள். தங்கச்சியைப் பற்றி ஐந்து நிமிடம் கதைத்தாள், மீன் வெட்டித் தருகிறவனைப் பற்றி அரை மணித்தியாலம். அம்பிகை இரண்டிலும் ‘பலெர்மோ’ என்று எழுதினாள். யோசப்பின் இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறாள். ஆனாலும் அம்பிகையின் அம்மன் லேசுப்பட்ட ஆளில்லை என்றுதான் சொல்லித் திரிகிறாள்.

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொன்னவளுக்கு, சொந்த மகளின் காரியத்தில் மட்டும் கை ஓடவில்லை.

மகள் லக்ஷனா எலும்பு டொக்டராக வர ஆசைப்பட்டதற்கே அந்தக் கைதான் காரணம். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அம்பிகை ஜன்னல் துடைக்க ஏறிய ஏணியால் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்தது மகள்தான். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பிள்ளைக்கே காட்டி, ஆறு கிழமைக்கு மாவுக்கட்டைத் தொடக்கூடாது என்றார். நாலாம் கிழமை கோயில் திருவிழா வந்தது, முந்நூறு வடைக்கு உழுந்து அரைக்க ஆளில்லை. அம்பிகை மீன் வெட்டுகிற கத்தரிக்கோலால் கட்டை வெட்டி எறிந்துவிட்டு ஆட்டுக்கல்லில் குந்திவிட்டாள். வடை திறமாக வந்தது. எலும்பு கோணலாகப் பொருந்தியது. ஒரு கிழமை தாயோடு கதைக்காமல் இருந்த லக்ஷனா, எட்டாம் நாள் வாய் திறந்தாள்.

“நான் எலும்பு டொக்டரா வந்து, உங்கடை கையைத் திருப்பி உடைச்சு, நேரா வைப்பன். அப்ப பாருங்கோ.”

சொன்னதைச் செய்கிற பிள்ளை. புலமைப்பரிசில் கிடைத்து அமெரிக்காவுக்குப் போய்ப் பட்டமும் முடித்து, லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இப்போது அங்கே இரண்டு ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் அவளை வா என்று கூப்பிட்டிருக்கின்றன. பலெர்மோவில் ஒஸ்டியோபதி என்றால் முதுகு பிடித்து நெட்டி முறிக்கிறவர். யோசப்பின் மூக்கில் விரலை வைத்தாள்.

“முதுகு உருவுறதுக்கு அமெரிக்காவோ, அம்பிகை?”

“உனக்கு என்ன தெரியும்? அங்கை அது முழு டொக்டர் படிப்பு. கத்தியும் வைப்பினம்,” என்றாள் அம்பிகை, பாடத்திட்டத்தைத் தானே எழுதிக் கொடுத்தவள் மாதிரி.

ஒரு கல்லூரி, அமெரிக்காவிலேயே குடியிருக்கிற அம்பிகையின் தம்பி விமலராஜ் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரம். புதிது, கண்ணாடிக் கட்டடம். சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. இன்னும் ஒரு டொக்டர்கூட அங்கே படித்து வெளியே வரவில்லை. மற்றது, எங்கே பார்த்தாலும் சோளக்காடாகக் கிடக்கிற ஒரு சிற்றூரில். பழைய கல்லூரி, பக்கத்திலேயே சொந்த ஆஸ்பத்திரி, அதில் எலும்புச் சத்திரசிகிச்சைப் பிரிவு. ஆறு மாதம் பனி. கிட்டடியில் இருக்கிற தமிழ்க் குடும்பம் காரில் நாலு மணித்தியாலம். அம்பிகை ஒன்றுக்கு ‘மாமா’ என்றும் மற்றதற்கு ‘சோளம்’ என்றும் பெயர் வைத்துவிட்டாள்.

லக்ஷனா தகப்பன் ஞானசேகரத்துக்குக் கணக்காக விளங்கப்படுத்தினாள். எலும்புச் சத்திரசிகிச்சையில் ஒரு பயிற்சியிடம் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஒஸ்டியோபதி படித்தவர்களுக்கு இன்னும் நெருக்கடி. தங்கள் சோதனையோடு மற்ற டொக்டர்மார் எழுதுகிற சோதனையும் எழுத வேண்டும், பெரிய டொக்டர்மாரோடு நின்று வேலை செய்து அவர்கள் வாயால் நல்ல பெயர் வாங்க வேண்டும். சோளத்தில் அந்த டொக்டர்மார் வாசலிலேயே நிற்கிறார்கள். மாமாவில் அவர்களைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும்.

“அப்ப சோளம்தானே?” என்றார் ஞானசேகரம். மொண்டெல்லோக் கடற்கரை ரெஸ்ற்றோறன்றில் சமைக்கிற மனிதர், அவருக்குச் சாமான் நல்லதா கெட்டதா என்பதுதான் கேள்வி.

லக்ஷனா தாயைப் பார்த்தாள். தாய் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டு, விமலராஜ் புதுக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். பிள்ளை கல்லூரிக் கடிதங்களை மடித்து வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை லக்ஷனாவே வந்து நின்றாள்.

“அம்மா, பூக்கட்டிப் பாப்பம். நாளைக்கு மலையிலை, சாந்தா ரொசாலியாவிட்டை வைச்சு.”

ரொசாலியா பலெர்மோவின் காவல் புனிதவதி, மலைக் குகையில் அவவுக்குக் கோயில். அம்பிகை திகைத்தாள். அன்றிரவு கடதாசியும் பேனையுமாக இருந்தவளுக்கு மகளின் முகத்தை வாசிக்கவே முடியவில்லை. வாசிக்கப் போகிற இடமெல்லாம் அவளுடைய சொந்தப் பயம்தான் நின்றது: பனி, தனிமை, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாதது. இரண்டிலும் ‘மாமா’ என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது ஊராரை ஏய்த்த மாதிரியில்லை, பெற்ற பிள்ளையின் கழுத்தை அறுக்கிற வேலை. பெருமூச்சு விட்டு, முப்பது வருடத்தில் முதல்தடவையாக நேர்மையாக நடந்தாள். ஒன்றில் ‘மாமா’. மற்றதில் ‘சோளம்’.

ஞாயிறு காலை மூவரும் பஸ்ஸில் மலையேறினார்கள். குகைக் கோயிலுக்குள் தண்ணீர் சொட்டியது. புனிதவதியின் முன்னால் அம்பிகை இரண்டு வெள்ளி மடிப்புகளையும் குலுக்கி நீட்டினாள். லக்ஷனா கண்ணை மூடக்கூட இல்லை. நல்ல நம்பிக்கையோடு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

‘மாமா.’

பிள்ளையின் முகம் விழுந்துபோனது. உடனே சிரிப்பொன்றை இழுத்து ஒட்டிக்கொண்டாள்.

“சரி அம்மா. நீங்கள் விரும்பினா நான் அங்கையே போறன்.”

“நானோ? நான் என்னத்தை விரும்பினன்? சாந்தா ரொசாலியாவெல்லோ சொன்னவா!”

“அம்மா, பத்து வயசிலை குப்பை கொண்டுபோகேக்கை நான் மற்றச் சீட்டைத் திறந்து பாத்தனான். நீங்கள் எப்பவும் ரெண்டிலையும் ஒண்டைத்தான் எழுதுவீங்கள். வாறவைக்கு எது விருப்பமோ அது.” கையிலிருந்த சீட்டைத் திரும்ப மடித்தாள். “எனக்கு எது விருப்பமெண்டு உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். நீங்கள் அதை எழுதினா, நீங்கள் என்னைப் போகவிட்ட மாதிரி எண்டு…”

ஞானசேகரம் வாயைப் பிளந்தார். “ரெண்டிலையும் ஒண்டோ? அப்ப நான் மொண்டெல்லோ வேலைக்குப் போனது?”

“நீங்கள் சும்மா இருங்கோ,” என்றாள் அம்பிகை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாழ்நாளில் ஒரேயொரு தரம் உண்மையாக நடந்தாள், அதுவும் பிழையாய்ப் போனது. ஆனால் இரவு முழுக்க வாசிக்க முடியாத முகம், இப்போது எழுத்துக்கூட்டாமலே வாசிக்கத் தெரிந்தது.

“உங்கடை பஸ் டிக்கெற்றைத் தாங்கோ.” புருஷனிடம் கை நீட்டினாள்.

“இறங்கேக்கை டிக்கெற் பாக்கிற கொன்ற்றொல்லோறே வந்தா?”

“நடந்து இறங்குவம்.”

மெழுகுதிரி விற்கிற பெண்ணிடம் பேனை வாங்கி, டிக்கெற்றை இரண்டாகக் கிழித்து, அங்கால் திரும்பி நின்று எழுதினாள். கோணல் மணிக்கட்டால் எழுதியதில் எழுத்தெல்லாம் சரிந்தது. அதே அலுமினியத் தாளில் மடித்து, குலுக்கி, நீட்டினாள்.

“எடு.”

லக்ஷனா எடுத்துப் பிரித்தாள். ‘சோளம்.’ ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்பிகை மற்ற மடிப்பையும் அவள் கையில் வைத்தாள்.

“இதையும் திற.”

“அம்மன் கோபிப்பா எண்டு சொல்லுவீங்களே?”

“அவவோடை நான் கதைக்கிறன். நீ திற.”

அதிலும் ‘சோளம்’தான். அதன் கீழே, டிக்கெற்றின் ஓரம்வரை நெருக்கி, ஒரு வரி சரிந்து கிடந்தது: ‘தடிச்ச கம்பளி நாலு எடு. என்ரை கையை நீ உடைக்க, நான் ரெடி.’