உப்பு வண்டிக்காரனும் பேக்கிங் அக்காவும்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ரப்பர் ஸ்டாம்புகளுக்கும் பழைய பில் புத்தகங்களுக்கும் நடுவே ஒரு புத்தகத்தின் துண்டு கிடக்கிறது. தானாகக் கிழிந்ததல்ல. பேக்கிங் கத்தியால் நேராக வெட்டி, முதுகில் பழுப்பு டேப் ஒட்டி, மேலே கறுப்பு மார்க்கரில் பெரிதாக 1 என்று எழுதியது. ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் போய் இப்படியும் செய்வார்களா என்று முகம் சுளிப்பார்கள். நாங்கள் செய்வோம். இன்றைக்கும் செய்கிறோம். அந்தத் துண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பேக்கிங் அக்கா போனைப் பார்த்துப் பார்த்து வைத்த அந்த நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. பில் போடுவது என் வேலை. மேனேஜர் சார் கெமிஸ்ட்ரி படித்தவர். பொம்மைக்குப் பூசும் கலவைக்கும் சூளைக்கும் அவர்தான் பொறுப்பு. அக்கா பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர், மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். எங்கள் மூவரையும் ஒன்றாகப் பிடித்த பைத்தியம், தலையணை தடிமனில் தொகுதி தொகுதியாக வரும் மாயாஜாலத் தொடர்கள். சார்தான் ஆரம்பித்து வைத்தார். அவர் மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு தொகுதியை அக்கா முதலில் டேப் ஒட்டிய பெட்டியின் மேல் பாரமாகத்தான் வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் சும்மா புரட்டியவர் மணி அடித்தும் எழுந்து வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு புத்தகத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காத, லாரியில் பெட்டி ஏற்றும் லோடு அண்ணன், “ஒரே ஆளு வச்சிக்கினா மத்தவங்க என்னா பண்றது? குடுங்க” என்று வாங்கி, கேக் வெட்டுவதுபோல ஐந்தாக வெட்டிக் கொடுத்துவிட்டார். சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. ஒருவர் முதல் துண்டை முடித்து அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுப்பார். யார் முதலில் என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். துண்டுகளுக்கு எண் போடுவது மட்டும் சாரின் வேலை.

படிப்பதைவிடச் சண்டை போடுவதில்தான் எங்களுக்கு ருசி அதிகம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் தொடங்கிவிடுவோம். மந்திரத்துக்குச் சட்டம் வேண்டும் என்பது சாரின் கட்சி, என் கட்சியும் அதுதான். எதைக் கொடுத்தால் எது கிடைக்கும், எவ்வளவு நேரம் தாங்கும், எங்கே தோற்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால், கதாநாயகன் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடத்திலும் எழுத்தாளர் பையிலிருந்து ஒரு புது மந்திரத்தை எடுத்து விடுவார், நாம் ஏமாந்து நிற்போம். அக்காவுக்கு இது கட்டோடு பிடிக்காது. “நாள் பூரா எடை போடு, எண்ணு, ஒட்டுன்னு இருக்குது. மந்திரத்துலயும் கணக்கா? கைய நீட்டுனா மலை பொளக்கணும். அதுக்குப் பேருதாங்க மந்திரம்” என்பார். சார் உடனே சூளையைக் கைகாட்டுவார்: கறுப்பாகப் பூசியது நீலமாக வெளியே வருகிறதே, அதில் சட்டம் இல்லையா? “அது ஒங்களுக்குக் கெமிஸ்ட்ரி சார், எனக்கு மந்திரம்” என்று சொல்லிவிட்டு அக்கா அவருடைய டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வார்.

அப்படி இருந்த அக்காவையே சட்டம் பேச வைத்தது உப்பு வண்டிக்காரன் கதை. மொத்தம் ஏழு தொகுதி. அந்த உலகத்தில் மந்திரம் மந்திரவாதியிடம் இருப்பதில்லை. அவனுக்காக வீட்டில் யாராவது காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் காத்திருக்கிறார்களோ அவ்வளவு பலம் அவன் கைக்கு வரும். காத்திருப்பவர் மனம் மாறி எழுந்துவிட்டாலோ, அவனே வீடு திரும்பிவிட்டாலோ, எல்லாம் போய்விடும். உப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன் மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பெரிய மந்திரவாதி ஆகிறான். ஓட்டை இல்லாத சட்டம் என்று சார் பூரித்துப் போனார். அக்கா பொரிந்து தள்ளினார். “குந்திக் கெடக்கிறவ இவ, பேரு அவனுக்கா? இது என்னா சார் சட்டம்?”

அக்கா ஏன் அப்படிக் கொதித்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு கட்டி முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார். வீடு முடிந்தது. மகள் படிப்பு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்து மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அதற்கப்புறமும், இங்கே வந்து நான் என்ன செய்வது என்று அங்கேயே இருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. எங்கள் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக அக்காவின் போன் அடிக்கும். சாப்டீங்களா, சாப்ட்டேன், மழை பேஞ்சுதா, இல்ல, அதோடு முடிந்துபோகும். பேச ஒன்றுமில்லாமல் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஊரிலிருந்து போகிறவர்களிடம் பொடி, வடகத்தோடு அக்கா இந்தத் தொடரின் முதல் தொகுதியையும் கொடுத்து அனுப்பிய பிறகுதான் நிலைமை மாறியது. பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டால் மதியம் வரை அவருக்கு வேலை இல்லை. பஸ்ஸிலேயே உட்கார்ந்து படிப்பார்; அடுத்த தொகுதிகளை அவரே வரவழைத்துக்கொண்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை போன் கம்பெனி முழுவதற்கும் கேட்கும். புங்கமரத்தடியில் நின்றுகொண்டு அக்கா, “அவன் பக்கமே பேசாதீங்க” என்று கத்துவார். அந்தப் பக்கம் அவர் கத்துவதும் லேசாகக் கேட்கும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவரோடு பேசுகிறேன் என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

கடைசித் தொகுதி வந்தபோது சார் விடுப்பில் இருந்தார். எங்களுக்கா பொறுமை? லோடு அண்ணன் வெட்டினார், ஒட்டினார், எண்ணையும் அவரே போட்டார். முதலில் படிக்கும் முறை அக்காவுக்கு. அந்த வெள்ளிக்கிழமை அவர் முப்பது நாற்பது பக்கம்தான் படித்திருந்தார். போனில் உற்சாகமாகச் சொன்னார், நான் பக்கத்தில்தான் இருந்தேன்: “ஏங்க, இந்தத் தடவ ஆரம்பமே அமக்களமா இருக்குது. இதுக்கு மேல முடியாதுன்னு வூட்டப் பூட்டிக்கினு கெளம்பிட்டா அவ! நல்ல காரியம் பண்ணா.” அந்தப் பக்கம் அவர் சண்டைக்கு வரவில்லை, சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அக்கா கூப்பிட்டார், எடுக்கவில்லை. வேலை இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் அதே கதை. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டே போனைப் பார்ப்பார். உடம்புக்கு ஏதாவதா, வேறு ஏதாவதா என்று என்னிடம் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பேச்சை மாற்ற நாங்கள் கதையையே பிடித்துக்கொண்டோம். அக்கா இரண்டாவது துண்டில் இருந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவள் அதில் மறுபடி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். முதல் துண்டை நானும் முடித்திருந்தேன். விடுப்பு முடிந்து வந்த சார், நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுத்தாளரை வானளாவப் புகழ்ந்தார். முடிவை முதலில் வைத்துக் கதையைப் பின்னாலிருந்து சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார். எங்களுக்கும் சந்தேகமே வரவில்லை. இந்த மாதிரித் தொடர்களில் தொடக்கம் எப்போதும் தலையும் புரியாது வாலும் புரியாது. யாரோ ஓடுவார்கள், யாரோ சாவார்கள், போகப் போகத்தான் விளங்கும். வருஷக்கணக்கில் படித்துப் பழகிய எங்களுக்குக் குழப்பமே ஒரு சுகம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. அவர் வீட்டுக்காரர் தனக்கு வந்து சேர்ந்த கடைசித் தொகுதியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் அவள் வாசலில் உட்கார்ந்து, போகிற உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு வரி: “அவ எங்கியும் போவல. நீ சொன்னது கதை இல்ல, எனக்கு வெளங்கிடுச்சி.”

அக்கா அதை எங்களிடம் நீட்டினார். சார் அந்த ‘1’ துண்டை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அப்போதுதான் முதன்முறையாகப் பக்க எண்ணைப் பார்த்தார். எண்ணூற்றுச் சொச்சத்தில் தொடங்கியது; புத்தகத்தின் கடைசித் துண்டு அது. “பக்கத்தப் பாக்கலியாம்மா நீங்க?” என்றார். “பக்கத்த யாரு சார் பாக்குறது” என்றார் அக்கா, அழுகிற குரலில். லோடு அண்ணனைக் கூப்பிட்டோம். அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. “கடைசியா எறங்கறது மொதல்ல ஏறணும். அப்ப அதான ஒண்ணு? லாரிக்கு அப்படித்தானங்க போடுவோம்” என்றார். சார் எழுத்தாளரின் துணிச்சலை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

அக்கா புங்கமரத்தடிக்குப் போகக்கூட இல்லை. எங்கள் முன்னாலேயே வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் எடுத்தார். லாரி, பெட்டி, அண்ணன், எண் என்று அக்கா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். பிறகு ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்கும்படி அவர் சொன்னார்: “வேலைய வுட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். டிக்கெட்டும் போட்டாச்சு. நீ கெளம்பறதுக்கு முன்னாடி நான் வந்து சேந்துடணும்னு இருந்தது.” கொஞ்சம் பொறுத்து, “இப்ப என்னா, கான்சல் பண்ணிடவா?” என்றார்.

அக்கா எங்களைப் பார்த்தார். சார் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். கதையை மாற்றிப் படித்தது உண்மை. ஆனால் நல்ல காரியம் பண்ணினாள் என்று சொன்னது கதையில் இல்லாதது, அது அக்கா சொன்னது.

“வேணாங்க. வந்துடுங்க” என்றார்.

வந்துவிட்டார். இங்கே ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்டுகிறார். வந்த புதிதில் ஒருநாள் அக்காவைக் கூட்டிப்போக வந்தவர் எங்கள் சாப்பாட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்டார். தொடரின் முடிவில், பூட்டிக்கொண்டு கிளம்பியவள் வழியிலேயே கணவனைச் சந்திக்கிறாள். காத்திருக்க ஆளில்லாமல் அவன் மந்திரம் எல்லாம் போய்விட்டிருக்கிறது. இத்தனை தொகுதி கட்டிய சட்டத்தை இப்படி வீணடிக்கலாமா என்று சார் புலம்பினார். சட்டம் சரியாகத்தான் முடிந்தது என்று நான் வாதாடினேன். அக்காவின் வீட்டுக்காரர் கூச்சத்தோடு, “மந்திரம் போனா என்னா சார்? வண்டி ஓட்டத் தெரியுமுல்ல அவனுக்கு” என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறியது. இத்தனை வருஷம் நாங்கள் பேசிய எதுவும் அதற்கு ஈடாகாது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இன்றைக்குப் புதுத் தொடர் ஒன்றின் முதல் தொகுதி வந்தது. மந்திரத்துக்குச் சட்டமே கிடையாதாம்; சார் இப்போதே கடுகடுவென்று இருக்கிறார். லோடு அண்ணன் வெட்டி ஒட்டிவிட்டு, மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய பாவத்தை நினைத்தோ என்னவோ, “எப்படி நம்பர் போடட்டும்?” என்று கேட்டார். சார் பதறி எழுந்தார். நான் இழுப்பறையிலிருந்த பழைய துண்டை எடுத்து வேடிக்கையாக அக்காவிடம் காட்டினேன்.

“லாரிக்குப் போடற மாதிரியே போடுங்கண்ணே” என்றார் அக்கா.

அப்போது அவர் போன் அடித்தது. காலையில் ஒரே வீட்டில் இட்லி தின்றுவிட்டுப் பிரிந்த மனிதர், பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டார்.